பாடப்புத்தகத்தில் இருக்கும் டவுன் சிண்ட்ரோம், வகுப்பறைக்குள் எப்போது வரும்?

ஹைதராபாத்: 2025-ஆம் ஆண்டு மார்ச் 21, வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்குத் தெலங்கானா முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் மாணவ, மாணவியர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் தாளை எழுதத் தொடங்கினர். அதே நாள்தான் உலக டவுன் சிண்ட்ரோம் தினம். பள்ளி மாணவர்களிடம் டவுன் சிண்ட்ரோம் குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும் என்று ஆண்டுதோறும் வலியுறுத்தப்படும் அந்த நாளில், மாநிலத்தின் பள்ளிகள் தேர்வு மையங்களாக மாறியிருந்தன.

இது ஓர் ஆண்டின் தற்செயல் நிகழ்வன்று. 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே டவுன் சிண்ட்ரோம் என்பதால், மூன்றாம் மாதத்தின் 21-ஆம் தேதி இத்தினத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2011 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்ற, 2012 முதல் அதிகாரப்பூர்வமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பொருள் பொதிந்த தேதிதான். ஆனால் தென்னிந்தியப் பள்ளி நாட்காட்டிக்குச் சற்றும் பொருந்தாத தேதி. தெலங்கானாவில் மார்ச் நடுப்பகுதியிலேயே வெயிலை முன்னிட்டு அரைநாள் பள்ளி தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் அதே 2025-இல் பிளஸ் 2 தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை நடைபெற்றது. பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28-இல் தொடங்கியது. ஆகவே இத்தின நிகழ்ச்சிகள் மருத்துவமனை அரங்குகளிலும் பூங்கா நடைப்பயணங்களிலும் சிறப்புப் பள்ளி வளாகங்களிலும் நடந்து முடிந்துவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் பக்கத்து இருக்கையில் அமர வேண்டிய சிறுவனோ சிறுமியோ அப்போது திருப்புதல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்.

சட்டம் சொல்வது என்ன?

பள்ளி மாணவர்களுக்கான விழிப்புணர்வு, நல்லெண்ணம் படைத்தவர்கள் செய்யும் கூடுதல் சேவை என்றே பலரும் கருதுகின்றனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விழிப்புணர்வு இயக்கங்களை நடத்தும் பொறுப்பை அரசின் மீது சுமத்துகிறது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், தொழிற்பயிற்சி ஆகிய எல்லா நிலைகளிலும் மாற்றுத்திறன் குறித்தும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்தும் அறிமுகம் அளிக்கப்பட வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. அதோடு நிற்கவில்லை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே இடம்பெறுவதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் அது குறிப்பிடுகிறது.

16-ஆவது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றி மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-ஆவது பிரிவு வழங்குகிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால் சட்டத்தின் நோக்கம் தெளிவாகும். குழந்தையைப் பள்ளிக்குள் அழைத்துவருவது ஒரு கடமை; அந்தக் குழந்தையை வரவேற்கப் பள்ளியில் உள்ள மற்றக் குழந்தைகளைத் தயார்படுத்துவது மற்றொரு கடமை. முதலாவது நிறைவேறினால் சேர்க்கைப் பதிவேட்டில் பதிவாகும். இரண்டாவது எந்தப் பதிவேட்டிலும் வராது. எனவே அது எளிதில் விடுபட்டுப்போகிறது.

சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இடம்பெற்றிருந்தாலும் டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் அதில் தனியாக இல்லை. அறிவுத்திறன் குறைபாடு என்ற வகையின் கீழேயே அது கொள்ளப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் மனவளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள் என்றும் பதிவுசெய்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளோர் அதற்குள் அடக்கம். மரபியல் மருத்துவர் ஐ.சி.வர்மா 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, இந்தியாவில் ஆண்டுதோறும் 21,400 குழந்தைகள் டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பதாகக் கூறுகிறது. உலக அளவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற விகிதம் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெரிய பள்ளிக்கு ஓரிருவர் என்ற கணக்கு இது. அந்த ஓரிருவர் பள்ளியில் தென்படாவிட்டால், வேறெங்கோ இருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

பாடப்புத்தகம் காட்டும் முகம்

டவுன் சிண்ட்ரோம் என்ற சொல்லையே இந்திய மாணவர்கள் அறியவில்லை என்று கூறிவிட முடியாது. என்.சி.இ.ஆர்.டி.யின் பிளஸ் 2 உயிரியல் புத்தகத்தில், மரபுவழிப் பண்புகள் குறித்த பாடத்தில் அது வருகிறது. குள்ளமான உருவம், சிறிய வட்டத் தலை, பிளவுகள் கொண்ட நாக்கு, அகன்ற உள்ளங்கை என உடற்கூறுகள் அங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன. அதே புத்தகத்தின் இனப்பெருக்க நலப் பாடத்தில், கருவைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரைச் சோதித்துக் கண்டறியக்கூடிய மரபுக் கோளாறுகளுள் ஒன்றாக அது மீண்டும் குறிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டின் பிளஸ் 2 விலங்கியல் பாடத்திலும் குரோமோசோம் மாற்றங்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு.

அறிவியல் தகவல் என்ற அளவில் இவற்றில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் ஒரு பதினேழு வயது மாணவர் இந்தச் சொல்லைச் சந்திக்கும் இடங்கள் இரண்டே என்பதைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் அது உடல் அடையாளங்களின் பட்டியல். மற்றோரிடத்தில் கருவிலேயே கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒன்று. அந்தக் குரோமோசோமுடன் பிறந்து, வளர்ந்து, படித்து, வேலைக்குச் செல்லும் மனிதர் எந்தப் பக்கத்திலும் இல்லை. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தேர்வுக்குப் படிக்கும் லட்சக்கணக்கானோர் இப்பகுதியை மனப்பாடம் செய்கின்றனர். நாளை ஒரு மகப்பேறு அறையில், புதிதாகப் பிறந்த குழந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் முதல் வார்த்தையைச் சொல்லப்போகிறவர்கள் அவர்களுள் சிலர்தான்.

மேலும், என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தில் பாடம் வருவதே பன்னிரண்டாம் வகுப்பில், அதுவும் அறிவியல் பிரிவில். வணிகவியலோ கலைப் பிரிவோ படிப்பவருக்கு அதுவும் இல்லை. கிண்டலும் ஒதுக்கலும் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் நிலையில், விளக்கம் ஒன்பது ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்கிறது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழில் இச்சொல்லை எழுதும்போது ஒரு சிக்கல் எழுகிறது. 'டவுன்' என்பதைக் 'கீழே', 'தாழ்ந்த' என்ற பொருளில் புரிந்துகொள்வோர் பலர். உண்மையில் அது ஒரு மருத்துவரின் பெயர். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருந்த எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஜான் லாங்டன் டவுன், 1866-இல் இந்நிலையை முதன்முதலில் விரிவாக விவரித்தார். முகச்சாயலை அடிப்படையாக வைத்து மங்கோலிய இனத்தின் பெயரை அவர் இதற்குச் சூட்டினார். அந்த இழிபெயர் ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1959-இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பின் ஆகியோர் கூடுதல் குரோமோசோமே காரணம் என்று வெளியிட்ட பிறகு, இனப் பெயருக்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை என்பது உறுதியானது. 1961-இல் அறிவியலாளர்கள் பலர் 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதிப் பெயர் மாற்றத்தைக் கோரினர். 1965-இல் மங்கோலியாவின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனம் பழைய சொல்லைக் கைவிட்டது.

தமிழில் 'சிண்ட்ரோம்' என்பதை 'நோய்க்குறி' என்று பெயர்ப்பதும் சங்கடமானதே. நோய் என்றால் தொற்றும், மருந்து உண்டு, குணமாகும் என்ற எதிர்பார்ப்புகள் கூடவே வந்துவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் தொற்றுவதில்லை. மருந்தால் நீங்குவதும் இல்லை. கண் நிறத்தைப் போல, பிறப்பிலேயே அமைந்து வாழ்நாள் முழுவதும் உடன்வருவது அது. 'டவுன் சிண்ட்ரோமால் பாதிக்கப்பட்ட' என்ற தொடரைச் செய்தி அறைகள் பழக்கத்தால் எழுதிவிடுகின்றன. 'டவுன் சிண்ட்ரோம் உள்ள' என்று எழுத எழுத்துகள் குறைவாகவே ஆகும்.

ஹைதராபாத் இந்தப் பெயர் மாற்றப் பாதையை நேரில் கண்ட நகரம். செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனத்தின் பெயரில், 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றிருந்தது. இன்று அது அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கு அதிகாரமளிப்பதற்கான தேசிய நிறுவனமாக, 'நீபிட்' என்ற சுருக்கப் பெயருடன் இயங்குகிறது. சிறப்பாசிரியர் பயிற்சி, மதிப்பீட்டுக் கருவிகள், பெற்றோர் ஆலோசனை ஆகியவற்றில் நாட்டுக்கே வழிகாட்டும் நிறுவனம் இது. பேகம்பேட்டையில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மரபியல் நிறுவனமும் மருத்துவமனையும் உள்ளன. உப்பலில் டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையம் உள்ளது. குரோமோசோமைக் கண்ணாடித் தகட்டில் எண்ணிப் பார்க்கும் வசதிகளிலும் சிறப்புக் கல்வி ஆராய்ச்சியிலும் ஹைதராபாத்துக்கு இணையான இந்திய நகரங்கள் குறைவு. இத்தனை அறிவு குவிந்திருக்கும் நகரத்திலிருந்து சாதாரணப் பள்ளியின் நான்காம் வகுப்பு வரையிலான தூரம்தான் கேள்விக்குரியது.

மதிப்பெண் கூடியது, நண்பர்கள் குறைந்தனர்

மாணவர் விழிப்புணர்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு தக்க விடை தருகிறது. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சூ பக்லியும் அவருடைய குழுவினரும், ஹாம்ப்ஷயர் பகுதியில் டவுன் சிண்ட்ரோம் உள்ள வளரிளம் பருவத்தினரை இரு பிரிவாக ஒப்பிட்டனர். ஒரு பிரிவினர் சாதாரணப் பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் சிறப்புப் பள்ளிகளில் படித்தவர்கள். எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். ஆயினும் முடிவு தெளிவாக இருந்தது. சாதாரணப் பள்ளியில் படித்தவர்கள் பேச்சுத் திறனில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகவும், எழுத்தறிவில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகவும் முன்னேறியிருந்தனர். அவர்களுடைய அன்றாட வாழ்க்கைத் திறன்களில் பின்னடைவு எதுவும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் சிறப்புப் பள்ளி மாணவர்கள் முன்னணியில் இருந்தனர். பரஸ்பர நட்பு.

இந்த முடிவைச் சற்று நின்று கவனிப்பது தகும். சாதாரண வகுப்பறை ஒரு குழந்தைக்கு மொழியைத் தந்தது, வாசிப்பைத் தந்தது. கூட விளையாடும் தோழரைத் தரவில்லை. ஆசிரியரும் பாடத்திட்டமும் செய்யக்கூடியதைச் செய்துவிட்டன. எஞ்சியிருந்தது மாணவர்கள் கையில் இருந்த பகுதி. நட்பை அரசாணையால் உருவாக்க முடியாது. ஆனால் நட்பைத் தடுக்கும் அச்சம், அறியாமை, என்ன பேசுவது என்ற தயக்கம் ஆகியவற்றைச் சொல்லித் தந்து நீக்க முடியும். விழிப்புணர்வு என்ற தேய்ந்த சொல்லுக்கு உண்மையான வேலை இருக்குமானால் அது இங்கேதான்.

இந்தியாவில் இச்சிக்கல் மேலும் ஒரு படி முன்னரே தொடங்கிவிடுகிறது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே கல்வி பெறுவதையும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. தெலங்கானாவில் மண்டல அளவில் 'பவிதா' மையங்கள் செயல்படுகின்றன. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு அங்கே பயிற்சியும் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. மேல்வகுப்புகளில் பலருக்குத் திறந்தநிலைப் பள்ளியே வழியாகிறது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குத் தேவையான கதவுதான். எனினும் வீட்டுவழிக் கல்வியில் வகுப்புத் தோழர் என்று ஒருவர் கிடையாது. சாதாரணப் பள்ளியில் கிண்டல் தாங்காமல் இந்தக் கதவுகளை நோக்கி ஒரு குழந்தை தள்ளப்பட்டால், அது பெற்றோரின் தேர்வு என்றே ஏட்டில் எழுதப்படும்.

எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

பெரும்பாலான விழிப்புணர்வு உரைகள் குரோமோசோமில் தொடங்கிக் கருணையில் முடிகின்றன. எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டுமே அதிகம் பயன்படாது. அவருக்குத் தேவையானவை எளிய, நடைமுறைத் தகவல்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தசை இறுக்கம் குறைவு. அதனால் நடை, கையெழுத்து, பேச்சு ஆகிய மூன்றும் மெதுவாக வரும். பாதிக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறனில் ஏதேனும் குறை இருக்கும். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நிகழும். ஆகவே முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவதைவிட எதிரில் வந்து, முகம் பார்த்து, சிறு வாக்கியமாகப் பேச வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் வரச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். அந்த இடைவெளியில் கேள்வியை மாற்றிக் கேட்பதும், மற்றவர் குறுக்கிட்டுப் பதில் சொல்வதும் நடக்கும்போது அக்குழந்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 'பதில் தெரியவில்லை' என்று வகுப்பு முடிவுகட்டுவதும் அப்போதுதான். காதால் கேட்பதைக் காட்டிலும் கண்ணால் பார்ப்பதை இவர்கள் நன்கு நினைவில் வைப்பார்கள் என்பது ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருப்பது. படமோ எழுத்தட்டையோ சைகையோ இருந்தால் பாடம் நிற்கும். விளையாட்டின் விதிகளும் அப்படியே.

விளையாட்டு மைதானத்துக்கென ஒரு தனிச் செய்தி உண்டு. சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி முதுகெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். கழுத்தைப் பிடித்து அமுக்குவது, குட்டிக்கரணம் போடவைப்பது போன்ற விளையாட்டுகள் அவர்களுக்கு ஆபத்தானவை. ஏறத்தாழப் பாதிப்பேர் பிறவி இதயக் கோளாறுடன் பிறக்கின்றனர். பலருக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கும். ஓட்டத்தில் பாதியில் நின்றுவிட்டால் அது சோம்பலாக இருக்க வேண்டியதில்லை. இவற்றைத் தெரிந்துகொண்ட சிறுவர்கள் பயந்து ஒதுங்குவதில்லை, விதியை மாற்றிக்கொண்டு விளையாடுகின்றனர். தெருவில் சின்னப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள 'உப்புக்குச் சப்பாணி' முறையைக் கண்டுபிடித்தவர்கள் குழந்தைகள்தானே. ஆனால் அந்த முறையிலும் ஒரு கண்ணி உண்டு. கணக்கில் சேராத ஆட்டக்காரராகவே ஒருவரை எப்போதும் வைத்திருந்தால், அவர் ஆட்டத்தில் இருந்தும் இல்லாதவரே.

'எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்', 'கள்ளம் கபடம் அறியாதவர்கள்', 'தெய்வக் குழந்தைகள்' என்ற புகழ்மொழிகளையும் இந்த இடத்தில் பரிசீலிக்க வேண்டும். அன்போடு சொல்லப்படுபவைதான். ஆயினும் கோபப்படவும் சலிப்படையவும் பொய் சொல்லவும் ஒரு குழந்தைக்கு உள்ள உரிமையை அவை பறித்துவிடுகின்றன. எதிர்பார்ப்பைக் குறைத்தே வளர்க்கப்பட்டவர் அந்த அளவுக்கே வளர்வார் என்ற கருத்தை முன்வைத்து, இத்தாலியின் 'கோர்டவுன்' அமைப்பு 2024-ஆம் ஆண்டு தினத்துக்காக வெளியிட்ட குறும்படம் உலகெங்கும் பேசப்பட்டது. கனடிய நடிகை மேடிசன் டெவ்லின் அதில் நடித்திருந்தார். அவ்வாண்டின் கருப்பொருளே பொதுப்பிம்பங்களுக்கு முடிவுகட்டுவது என்பதாகும்.

பொருந்தாத இரு நிறக் காலுறைகளை அணிந்து வருவது இத்தினத்தின் அடையாளமாகப் பல நாடுகளில் பரவியுள்ளது. குரோமோசோமின் வடிவம் காலுறையை ஒத்திருப்பதால் வந்த யோசனை அது. சீருடைச் சோதனை கடுமையாக உள்ள நமது பள்ளிகளில் குழந்தைகள் அதை ஆவலுடன் செய்வார்கள் என்பதில் ஐயமில்லை. ஒரு நாள் காலுறை ஒரு கேள்வியைக் கிளப்பும். மறுநாள் அதற்குப் பதில் சொல்ல ஆசிரியர் தயாராக இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அதன் பயன். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, கையைக் கட்டிக்கொண்டு எழுதுவது போன்ற 'அனுபவப் பயிற்சிகள்' பரிதாபத்தையே அதிகரிக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடிப்பதே மனப்பான்மையை மாற்றும் என்ற உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட்டின் 1954-ஆம் ஆண்டுக் கருத்து, இத்துறையில் இன்னும் வலுவாகவே நிற்கிறது. ஒரு நாடகம், ஒரு தோட்டம், ஒரு ரிலே ஓட்டம் போதும்.

சொல்லப்பட வேண்டிய மற்றொன்று, இது யாருடைய தவறும் அன்று என்பது. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் இணை பிரியாமல் போவதால் நேர்வது இது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடுகிறது. 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புக்கு ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ 100-க்கு ஒன்று எனக் கணக்கிடப்படுகிறது. எனினும் இளம் வயதிலேயே அதிகம் பேர் குழந்தை பெறுவதால், இக்குழந்தைகளின் தாய்மார்களில் இளம் வயதினரும் ஏராளம். கிரகணத்தில் வெளியே சென்றதாலோ முற்பிறவிப் பாவத்தாலோ இது வந்ததாக இன்னும் நம்பப்படும் வீடுகளில், பழி விழுவது தாயின் மேல்தான். இந்தப் பழியைப் பள்ளிக்குச் சுமந்துவருபவர் ஒருவர் இருக்கிறார்: அக்குழந்தையின் அண்ணனோ அக்காவோ தம்பியோ தங்கையோ. டவுன் சிண்ட்ரோம் உள்ள மாணவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பிலும் அவருடைய உடன்பிறப்பு அமர்ந்திருக்கலாம். உரை நிகழ்த்தப்படும் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக் கேட்பவர் அவரே.

திரையும் கிண்டலும்

வகுப்பறைக் கிண்டலின் சொற்களஞ்சியம் பெரும்பாலும் திரைப்படங்களிலிருந்தே வருகிறது என்பதைத் தமிழ், தெலுங்கு ரசிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இது தொடர்பாக 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. இந்தித் திரைப்படம் ஒன்றுக்கு எதிராகத் தொடரப்பட்ட நிபுண் மல்ஹோத்ரா வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா ஆகியோர் அடங்கிய அமர்வு, மாற்றுத்திறனைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் வேறுபடுத்திக் காட்டியது. இழிசொற்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் படைப்பாளர்களுக்கு வழிகாட்டுதல்களை வழங்கியது.

திரையில் மாற்றமும் தெரிகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள கோபிகிருஷ்ணன் வர்மா, 2021-இல் வெளியான 'திரிகே' மலையாளப் படத்தில் முதன்மை வேடம் ஏற்றார். அதே ஆண்டு வெளிவந்த 'அஹான்' இந்திப் படத்தின் நாயகன் அபுலி மாமாஜியும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரே. 2025 ஜூனில் திரைக்கு வந்த அமீர் கானின் 'சிதாரே ஜமீன் பர்' படத்தில், நரம்பியல் வேறுபாடு கொண்ட பத்துப் பேர் கூடைப்பந்து அணியாக நடித்திருந்தனர். கோபிகிருஷ்ணன் அவர்களில் ஒருவர். பள்ளி உரையாளர் ஒரு மணி நேரத்தில் செய்ய முடியாததை ஒரு படம் செய்துவிடும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் திரையில் கைதட்டிய மாணவர் மறுநாள் வகுப்பில் பக்கத்தில் இடம்விட்டு அமர்வாரா என்பதைப் படம் கவனிக்க முடியாது. ஆசிரியர் கவனிக்க முடியும்.

ஆசிரியர் இருக்கிறாரா?

சிறப்பாசிரியர் பற்றாக்குறை குறித்த ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கான ஆசிரியர் விகிதத்தை வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உத்தரவிட்டது. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், உயர்தொடக்க நிலையில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022 செப்டம்பரில் அறிவிக்கையாக வெளியிட்டது. அதன் பிறகும் மாநிலங்கள் பணியிடங்களை முறையாக உருவாக்கவில்லை என்பதால், பணியிடங்களை அறிவித்து நியமன நடவடிக்கையைத் தொடங்குமாறு 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. சிறப்பாசிரியர் வருகைதரும் ஆசிரியராகப் பல பள்ளிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும் வரை, மற்ற மாணவர்களுடன் பேசுவது அவருடைய பணிப்பட்டியலின் கடைசி வரியாகவே இருக்கும்.

தேதியை மாற்றுவது இதைவிட எளிது. தெலங்கானாவில் கல்வியாண்டு ஜூன் 12-இல் தொடங்குகிறது. டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், அப்போது பொதுத்தேர்வு ஏதுமில்லை. மார்ச் 21-ஐ உலகம் கொண்டாடட்டும். வகுப்பறைப் பேச்சை ஜூன் இறுதியிலேயே, இருக்கைகள் ஒதுக்கப்படும் வாரத்திலேயே, வைத்துக்கொள்ளப் பள்ளிகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

அமெரிக்காவில் 1983-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இதய அறுவை சிகிச்சை வளர்ந்ததாலும், காப்பகங்களில் அடைத்துவைக்கும் வழக்கம் குறைந்ததாலும் இன்று அது 60 ஆண்டுகளை எட்டியுள்ளது. பள்ளிப் பருவம் அதில் சிறு பகுதியே. எஞ்சிய ஆண்டுகளில் அவருடன் வேலை செய்பவர், அவர் ஏறும் பேருந்தின் நடத்துநர், அவருடைய வங்கிக் கணக்கைத் திறக்கும் எழுத்தர் எல்லாரும் இப்போது ஏதோ ஒரு வகுப்பில் படித்துக்கொண்டிருப்பவர்களே. அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு ஒதுக்கீட்டில், அறிவுத்திறன் குறைபாடு உடையோர் ஆட்டிசம், மனநோய் உள்ளிட்ட பிற பிரிவினருடன் பகிர்ந்துகொள்ளும் பங்கு 1 விழுக்காடு மட்டுமே. மீதி வாய்ப்புகள் தனியார் முதலாளிகளின் மனநிலையைச் சார்ந்தவை.

பொதுத்தேர்வுக்கே திரும்பினால், அங்கே ஒரு விதி கவனத்தை ஈர்க்கிறது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேர்வு எழுத உதவியாளரைத் தேர்வரே அழைத்துவந்தால் அவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்றது. பத்தாம் வகுப்புத் தேர்வில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் அந்த இடத்தில் அமர அது இடமளித்தது. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் என்ற கணக்கில், மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் நீளும். தேர்வர் சொல்வதை அப்படியே கேட்டு, சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, குறுக்கே திருத்தாமல் எழுத வேண்டிய பதினான்கு வயது மாணவர் அவர். அவருக்கு வேண்டிய கல்வித் தகுதியை வழிகாட்டுதல் வரையறுத்திருக்கிறது. எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதை அவருடைய பள்ளிதான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.